இருபத்தோராம் நிமிஷம்

டிவியின் மேல் போர்த்திய வேட்டியை ஐம்பத்திரண்டு நாளாகியும் துளசி எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் லாரியில் ஏறிப் போன அன்றைக்கே எடுத்திருக்க வேண்டியது. சாவு வீட்டில் பதினாறு நாள் டிவி போடக்கூடாது, சரி. அதற்கு மேலும் போர்த்தி வைக்க எந்த சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது? கேட்டவர்களிடம், "இருக்கட்டும் லா, யாரு பாக்கப் போறா" என்றாள். கேட்காதவர்கள் தங்களுக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டு போனார்கள்.

வேட்டி மெல்லிசு. டிவிக்குக் கீழ்த்தட்டில் இருந்த சேனல் பிடிக்கிற டிகோடர் பெட்டியின் விளக்கு அதன் வழியாகத் தெரியும். பகலில் பச்சை. சாயங்காலம் ஏழு மணியானால் சிவப்பு. வேலை விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்காரும்போது துளசி அந்தச் சிவப்பைத்தான் பார்ப்பாள். பெட்டிக்கு உயிர் இருக்கிறது, உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கிறது என்று ஒரு தைரியம் வரும்.

உள்ளே இருந்தது அவள் புருஷன். நாலு நிமிஷப் புருஷன்.

இராமசாமி பேக்டரி பஸ் ஓட்டியவர். ஈப்போவுக்கு வெளியே லகாட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் வரிசை வீடுகள் கட்டித் தாமான் கெனாங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அங்கேதான் வீடு. காலை ஐந்துக்கு அங்கிருந்து பஸ்ஸை எடுத்து, நாலைந்து தாமான் குடியிருப்புகளைச் சுற்றி ஆள் ஏற்றி, ஆறே முக்காலுக்குக் கையுறை பேக்டரி வாசலில் இறக்குவார். துளசிக்கு அதே பேக்டரியில் பேக்கிங் வேலை. பன்னிரண்டு வருஷமாக டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு அவளுடையது. நாலு மணிக்கு எழுந்து தேத்தண்ணி போடுவது மட்டும் அவர் வேலை. தனக்குச் சீனி இல்லாமல் ஒன்று, அவளுக்கு இரண்டு கரண்டி சீனியோடு ஒன்று. அவர் போன பிறகு அவள் காலையில் தேத்தண்ணி போடவில்லை. பச்சைத் தண்ணியைக் குடித்துவிட்டு, புது டிரைவரின் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

மனிதர் பேசமாட்டார். போன் அடித்தால், "வாரேன்" என்று ஒரு சொல், அதோடு சரி. வீட்டில் ஏதாவது கேட்டால் "ம்". அப்படிப்பட்டவரிடம் போன வருஷம் டிவியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் வந்தார்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி எடுக்கிறோம் என்று மைக்கை நீட்டினார்கள். என்ன பேய் பிடித்ததோ, மனிதர் நாலு நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். மழை, ரோட்டுப் பள்ளம், தூங்கி வழியும் பெண் பிள்ளைகள், எல்லாம் வந்தது. "உங்க பஸ்ல மொத மொத ஏறுறது யாருண்ணே?" என்று மைக்கைப் பிடித்திருந்த பெண் கேட்டாள். "துளசி. எம்பொஞ்சாதி. அவ ஏறி உக்காந்தாத்தான் எனக்கு வண்டியே கெளம்பும்" என்றார்.

இருபத்தொன்பது வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. 'இந்தா', 'இங்க பாரு', 'தனேஷ் அம்மா'. பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவை, அதுவும் நாடே பார்க்கிற டிவியில். துளசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கணுமா" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டினாள். அவர் அதைப் பெட்டியில் பதிவு செய்து வைத்தார். அவள் இரண்டே தடவைதான் பார்த்தாள். எங்கே போய்விடப் போகிறது, பெட்டியில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் டிவி கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மலாயில் இருந்தது. போட்டோ எடுத்து ஜோகூரில் இருக்கும் மகன் தனேஷுக்கு அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான்.

"மா, ஒண்ணுமில்ல. நம்ம பொட்டி பழைய மாடலாம். இந்த மாசக் கடைசியோட வேல செய்யாது. புதுசு சும்மா மாத்திக் குடுப்பாங்க. பழசத் திருப்பிக் குடுத்துடணும்."

"அதுல இருக்கிறது?"

"எதுல?"

"அப்பா பேசுனதுடா."

"கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு, மா. பழைய பதிவ புதுசுக்கு மாத்த முடியாதாம்."

"இன்டர்நெட்ல இருக்கும்னு சொன்னியே."

"தேடிட்டேன். அந்த நிகழ்ச்சி கெடைக்கல. அவங்களுக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரல. நீங்க ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க? கைப்போன டிவி முன்னாடி வெச்சுப் புடிச்சிடலாம். பொட்டி மாத்த வர்ற ஆளு கிட்டச் சொன்னா அவரே புடிச்சுக் குடுப்பாரு."

"போன்ல புடிச்சா கரகரன்னு கேக்கும்டா. அவரு கொரலே மெல்லிசு."

"அப்பா கொரலு மெல்லிசா? பேசினாத்தானே தெரியும்" என்று தனேஷ் சிரிக்கப் பார்த்தான்.

அன்றிலிருந்து துளசிக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவின சட்டியையே கழுவினாள். கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துவிட்டு, கரைத்தோமா இல்லையா என்று தெரியாமல் மறுபடி கரைத்தாள். பேக்டரியில் ஒரு பெட்டிக்கு நூறு கையுறை. இரண்டு தரம் குறைத்து அடைத்து சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். வேட்டியைத் தூக்கி இப்போதே பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். கிட்டப் போவாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள். பயம்தான், வேறென்ன. அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் அப்புறம் நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக முடியுமா என்று பயம்.

பதிவை முழுசாக வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பெட்டி எங்காவது இருக்காதா, ஈப்போ இவ்வளவு பெரிய டவுன் ஆயிற்றே என்று நினைத்தாள். சனிக்கிழமை நாத்தனார் கலாதேவியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கலாதேவி இராமசாமியின் தங்கை. பின் வரிசையில் வீடு. வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

"அண்ணி, எங்க வீட்ல இருக்கிற மாதிரியே வாங்கிடுங்க" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்தாள் கலாதேவி. "டிஸ்க்கே இல்ல. எல்லாம் இன்டர்நெட்டு. நான் பசார்ல நின்னுக்கிட்டே போன்ல பாக்கிறேன்."

"பசார்ல நின்னு சீரியல் பாத்துத்தான் போன வாரம் மீனைப் பூனைக்கு விட்டியா?"

"அது வேற கத லா."

முதல் கடையில் இருந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். துளசி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டாவது கடையில் தொண்ணூறு இன்ச் டிவியைக் காட்டி வாங்கச் சொன்னார்கள். மூன்றாவது ஒரு சீனர் கடை, பழைய சந்தில். கடை முதலாளியான தவுக்கே ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டின கம்பத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். நம் பிள்ளைகள் சிலரைவிடத் தமிழ் நன்றாக வரும். இரண்டு பேரையும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

"என்ன வேணும் ஆச்சி?"

"டிவி பொட்டி தவுக்கே. பதிவு பண்றது."

தவுக்கே மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். "இது ஆன்டெனா பொட்டி. மாசா மாசம் கட்ட வேணாம். பின்னால பென்டிரைவ் குத்துனா பதிவாகும். ஆனா நீங்க பாக்கிற சீரியல் இதுல வராது. இது கம்பெனி பொட்டி, உள்ளயே டிஸ்க். ஒரே நேரத்துல மூணு நாலு பதிவாகும். இதுவும் கம்பெனிதான், டிஸ்க் இல்ல. பதிவு எல்லாம் மேல இருக்கும்."

"மேலன்னா எங்க?"

"கம்பெனிக்காரன் எடத்துல. எங்கன்னு எனக்கும் தெரியாது லா ஆச்சி."

"பாத்தீங்களா, இதான் எங்க வீட்ல" என்றாள் கலாதேவி.

துளசி மூன்று பெட்டியையும் தொட்டுப் பார்த்தாள். மாட்டுத் தரகர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தின இரண்டு கடையிலும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். "பழைய பொட்டில உள்ளது இதுல எதுக்கு வரும்?"

"தா போலே, முடியாது. எதுக்கும் வராது. அந்த டிஸ்க்குக்குக் கம்பெனி பூட்டு போட்டிருக்கு. கழட்டி வேற எதுல போட்டாலும் கோசோங், காலிதான். ஒண்ணும் தெரியாது." தவுக்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "என்ன இருக்கு உள்ள? படமா?"

"எங்கண்ணன் இருக்காரு" என்றாள் கலாதேவி. அதுவரை வளவளத்துக்கொண்டிருந்தவள், அதைச் சொன்னதும் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

தவுக்கே விற்பனைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். வீட்டில் அதைப் போட்டு, ரூமை அடைத்து, காற்றாடியை நிறுத்தி, நல்ல போனில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "நாளைக்கு நாளைக்குன்னு விடாத ஆச்சி. பழைய டிஸ்க்க நம்பக் கூடாது." பெட்டி வாங்காமல் வெளியே வந்தவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. இரண்டு மணிக்குக் கம்பெனி கான்ட்ராக்ட் ஆள் வந்தான். பெயர் தர்மா, சுங்கை சிப்புட்காரன், முப்பத்தைந்து வயசிருக்கும். வேனில் இரண்டு விதப் பெட்டியும் வைத்திருந்தான். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவன், வேட்டியையும் அதற்குப் பக்கத்து மேசையில் மாலை போட்ட படத்தையும் பார்த்து நின்றுவிட்டான்.

"எப்போக்கா?"

"ஐம்பத்தெட்டு நாளாச்சு தம்பி" என்றாள் துளசி. தனேஷ் சொல்லிக் கொடுத்தபடி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போனை நூறு பெர்சென்ட் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். காற்றாடியை நிறுத்தினாள். சன்னலைச் சாத்தினாள். கலாதேவியிடம் இருமக்கூடாது என்று கட்டளை போட்டாள்.

"நீங்களே வேட்டிய எடுங்கக்கா" என்றான் தர்மா.

துளசி இரண்டு முனையையும் பிடித்து வேட்டியை எடுத்தாள். இராமசாமி தைப்பூசத்துக்குக் கட்டுகிற வேட்டி அது. கலாதேவி வாங்கி நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தர்மா டிவியைப் போட்டு, பதிவுகளின் பட்டியலைத் திறந்தான்.

சீரியல் பெயர்கள் வந்தன. ஏழு மணி சீரியல், எட்டு மணி சீரியல், ஒன்பது மணி சீரியல். தர்மா கீழே தள்ளிக்கொண்டே போனான். மறுபடி அதே மூன்று பெயர், தேதி மட்டும் வேறு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"என்ன பேருலக்கா இருக்கும்?"

"காலைல வர்ற நிகழ்ச்சி. போன வருஷம் மாசி மாசத்துல எடுத்தது. கடைசில இருக்கும் தம்பி, அதான் ரொம்பப் பழசு."

தர்மா கடைசிக்கே போனான். அங்கேயும் ஏழு மணி சீரியல்தான் இருந்தது. மேலே வந்தான், கீழே போனான். வேறு எங்கோ நுழைந்து பார்த்தான். பிறகு ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, இல்ல."

"நல்லாப் பாருங்க தம்பி."

"நூத்துக்கு மேல இருக்கு. எல்லாம் சீரியல். டிஸ்க் ரொம்பி வழியுது. யாரோ மூணு சீரியலத் தெனமும் பதிவாகுற மாதிரி போட்டு வெச்சிருக்காங்க. எடம் இல்லாமப் போனா இது பழசத் தூக்கிட்டுப் புதுசப் போட்டுக்கும். பூட்டுப் படம் போட்டு வெச்சிருந்தா மட்டும்தான் போகாது."

"அவரு பாத்து முடிச்ச ஒடனே அழிச்சிடுவாரே. எடமே ரொம்பாதே."

"ரெண்டு மாசமா அழிக்க ஆளில்லையேக்கா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டே, "டிவிய மூடி வெச்சீங்க சரி, பொட்டிய சுவிட்ச்சுலயே நிறுத்தியிருந்தா இப்படி ஆயிருக்காதே. ஏன் போட்டே வெச்சீங்க?" என்று கேட்டான்.

துளசியின் கண் சுவருக்குப் போனது. அங்கே சுவிட்ச். அதிலிருந்து ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வந்தது. அதில் மூன்று பிளக். ஒன்று டிவி. ஒன்று பெட்டி. மூன்றாவது, இராமசாமியின் படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன சிவப்பு மின்விளக்கு. சாவு விழுந்த அன்று, வீடு நிறைய ஜனம் நிற்கும்போது, சுவிட்சின் மேல் வெள்ளைப் பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியவள் துளசிதான். "இதுல யாரும் கை வெக்கக் கூடாது. அவரு வெளக்கு அணையக் கூடாது" என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னாள். பதினாறு முடிந்தும் பிளாஸ்டரை எடுக்க மனசு வரவில்லை. ஓரம் அழுக்கேறிப்போய் அது இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு வேட்டிக்குள் சிவப்பு எரிந்தது இதற்குத்தான். அதைப் பார்த்துத் தைரியப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, பாவி மகள். தினம் அவள் கண் முன்னாலேயே அது அவரைத் தின்றிருக்கிறது.

"எழவெடுத்த சீரியலு" என்று கலாதேவி ஆரம்பித்தாள். "எங்கண்ணனுக்கு எதுக்கு இந்தப் பொம்பளைங்க சீரியலு? மூணு மூணா போட்டு வெச்சிருக்காரு. கம்பெனிக்காரனாவது ஒரு வார்த்த சொல்ல வேணாமா தம்பி?"

"அவர ஏன் கேக்கிற? அவரு எனக்காகப் போட்டு வெச்சாரு" என்றாள் துளசி. "நான் மத்தியானம் ஷிப்டு போனா பாக்க முடியாதுன்னு. நான்தான் அழிச்சேன் கலா. பிளாஸ்டர் போட்டு, காவல் வெச்சு, நானே அழிச்சேன்."

அவள் அழுவாள் என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். அழவில்லை. எழுந்து சன்னலைத் திறந்தாள், காற்றாடியைப் போட்டாள், சார்ஜ் ஒயரை போனிலிருந்து உருவிச் சுருட்டினாள். மறுபடி சன்னலைச் சாத்தினாள். கிளெடாங் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கே போய் நிற்பது என்று தெரியாதவள் மாதிரி கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தாள்.

தர்மாவுக்கும் சங்கடமாகப் போய்விட்டது. சும்மா இருக்க முடியாமல் ரிமோட்டை எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தவன், "அக்கா, இங்க பாருங்க" என்றான். "கடைசியா இருக்கில்ல, ஏழு மணி சீரியலு. இதுதான் இருக்கிறதுலயே பழசு. இது பாதி பாத்து நிறுத்தினது. இருபத்தோராவது நிமிஷத்துல நிக்குது. மத்த எதையும் யாரும் தொடவே இல்ல."

துளசி கிட்டே வந்து தேதியைப் பார்த்தாள். வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் இராமசாமி பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இதுவும் போயிருக்கும்" என்றான் தர்மா.

"தம்பி, உங்களுக்கு வேற வேல இருக்கா?"

"பக்கத்து தாமான்ல ஒரு வீடு இருக்குக்கா."

"அத முடிச்சிட்டு வாங்க. வந்து எடுத்துக்குங்க."

அவன் வேனை எடுத்துக்கொண்டு போனான். இடி ஒன்று உருண்டதும், கொடியில் துணி கிடக்கிறது என்று கலாதேவி பின் வரிசைக்கு ஓடினாள். வேட்டி அவள் தோளிலேயே போய்விட்டது.

அந்த வியாழக்கிழமை துளசிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓவர்டைம் முடிந்து வந்திருந்தாள். மீன் பொரித்து, ரசம் வைத்து, சாப்பிட்டு, இரண்டு பேரும் இதே கூடத்தில் உட்கார்ந்தார்கள். அந்த சீரியலில் வேதவல்லி என்று ஒருத்தி. மாடிப்படியில் யாரோ தள்ளிவிட்டு, இரண்டு மாதமாக நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். லிப்ஸ்டிக் மட்டும் கலையவில்லை. அவளை வைத்து இவர்களுக்குள் ஒரு பந்தயம்.

"எந்திரிச்சிருவா" என்பார் இராமசாமி. சீரியலைப் பற்றி மட்டும் மனிதருக்கு இரண்டு வார்த்தை வரும்.

"எங்க எந்திரிக்கிறது. தீவாளி வரைக்கும் இழுப்பானுங்க லா."

"இந்த வாரம் எந்திரிச்சிருவா. பாரு."

"எந்திரிக்கலன்னா?"

"எந்திரிக்கலன்னா தோட்டத்துப் புல்லு நான் வெட்டுறேன். எந்திரிச்சிட்டா ஒரு வாரம் நாலு மணித் தேத்தண்ணி உன்னோடது."

அன்றைக்கு சீரியல் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் துளசி தூங்கிப் போனாள். கண் விழித்தபோது டிவி அணைந்திருந்தது. "நீ தூங்கிட்ட. மீதி நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அவளும் சரி என்று போய்ப் படுத்தாள்.

ரிமோட்டை எடுத்தாள். எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவர்தான் அமுக்குவார். நடுவில் இருந்ததை அமுக்கினாள். விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா என்று பெட்டி கேட்டது. நிறையத் தடவை அது இப்படிக் கேட்டு அவர் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். துளசி முதலிலிருந்து என்பதை அமுக்கினாள். அவள் தூங்கின நேரத்தில் அந்த மனிதர் தனியாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிய வேண்டும் போல் இருந்தது.

மழை வந்துவிட்டது. கூரைத் தகரத்தில் சடசடவென்று அடித்தது. இப்படி மழை பெய்தால் டிவியில் எதுவும் வராது, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பெட்டிக்குள் இருப்பதை மழை ஒன்றும் செய்யாது. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

மாமியார் அழுதாள். வக்கீல் வந்தார். வேதவல்லியின் கொழுந்தன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மூன்று கோணத்தில் முறைத்தான். துளசி மூலையில் ஓடுகிற நிமிஷக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறு. பதினெட்டு. இந்த விளம்பரத்தை அவர் தாண்டிவிட்டிருப்பார். இந்த இடத்தில் 'ம்' என்றிருப்பார். இங்கே அவளைத் திரும்பிப் பார்த்திருப்பார். வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பாள்.

இருபதாவது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி அறை வந்தது. வேதவல்லி கட்டிலில் கிடந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை. பாட்டு நின்றது. போர்வைக்கு வெளியே இருந்த கையைக் காட்டினார்கள். சுண்டுவிரல் லேசாக அசைந்தது. இன்னொரு தடவை அசைந்தது. முகத்தைக் காட்டினார்கள், மூடின இமைக்குள்ளே கண் உருண்டது. மூலையில் இருபத்தொன்று என்று மாறியது.

இங்கேதான். இங்கேதான் நிறுத்தியிருக்கிறார்.

துளசி நிறுத்துகிற பொத்தானைத் தேடித் தேடி அமுக்கினாள். படம் அப்படியே நின்றது. இரண்டு மாதமாக அந்த ஆள் காத்துக்கொண்டிருந்தது இந்த நிமிஷத்துக்கு. பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறார், தெரிந்துபோய்விட்டது. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பார். பார்க்கவில்லை. பக்கத்தில் இவள் தூங்குகிறாள், இவள் இல்லாமல் பார்க்கக் கூடாது என்று அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் 'மீதி நாளைக்கு' என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். அந்த நாளைக்கு வரவே இல்லை. வேதவல்லி எழுந்தாளா இல்லையா என்று தெரியாமலே போய்விட்டார்.

அப்போதுதான் துளசி அழுதாள். அடக்கவில்லை. மழைச் சத்தம் இருந்தது, வீட்டில் யாரும் இல்லை, வாய்விட்டு நன்றாகவே அழுதாள். தன் பெயரை இனிமேல் அந்தக் குரலில் கேட்க முடியாது என்பதற்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். இமை துடித்தது, நர்ஸ் ஓடிவந்தாள், தட்டு ஒன்று கீழே விழுந்தது, வேதவல்லி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தில் தொடரும் போட்டார்கள்.

துளசி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். "எந்திரிச்சிட்டாய்யா" என்றாள். "நீங்க சொன்னதுதான். எந்திரிச்சிட்டா."

வாசலில் நிழல் ஆடியது. தர்மா தலையில் பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியவில்லை. கையில் இரண்டு புதுப் பெட்டிகள்.

"எடுக்கலாமாக்கா?"

"உள்ள வாங்க தம்பி, நனையிறீங்க. எடுத்துக்குங்க. நான் பாத்துட்டேன்."

"எதக்கா மாட்டட்டும்? டிஸ்க் உள்ளதா, இல்லாததா?"

"உள்ளதே மாட்டுங்க. வீட்ல இருக்கட்டும். பூட்டுப் படம் எங்க அமுக்கிறதுன்னு எனக்குக் காட்டிட்டுத்தான் போகணும். அழிக்கிறதும் காட்டுங்க." சுவரோரம் போய்க் குனிந்து, சுவிட்சில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் கிளறி ஒவ்வொன்றாக உரித்தாள். விளக்கின் பிளக்கைப் பிடுங்கி, வேறு பக்கத்துச் சுவரில் தனியாகக் குத்தினாள். ஒரு நொடி அணைந்து மறுபடி எரிந்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை.

"இதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல உக்காருங்க. நான் தேத்தண்ணி போடணும்."

"வேணாங்கா, எதுக்குச் செரமம்?"

"செரமம் இல்ல தம்பி. பந்தயத்துல தோத்துட்டேன். ஒரு வாரத்துக்கு நான்தான் போடணும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். துளசி அடுப்பில் தண்ணீரை வைத்தாள். மூன்று கோப்பை எடுத்துக் கழுவி வரிசையாக வைத்தாள். ஒன்றில் மட்டும் சீனி போடவில்லை.